பழைய பேட்டரி வண்டி வாங்கப் போறீங்களா? கைவசம் இருக்கட்டும் இந்தக் குறிப்புகள்

பெட்ரோல் செலவு தாங்கவில்லை, செகண்ட் ஹேண்டில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்கலாமா என்று யோசிக்காத வீடு இப்போது குறைவு. பெயின்ட், டயர், பிரேக் பார்ப்பது எல்லாருக்கும் கைவந்த வேலை. ஆனால் பேட்டரி வண்டியின் விலையில் பெரும்பங்கு சீட்டுக்குக் கீழே பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது, அதைப் பார்வையில் எடை போட முடியாது. அதற்காகப் பயப்பட வேண்டாம் நண்பர்களே! ஈ.பி. பில் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கும் வரும்.

1. வண்டியைத் தேடுவதற்கு முன்னால் உங்க தேவையை எழுதிப் பாருங்க. ஆபீஸ், ஸ்கூல், டியூஷன், மார்க்கெட், கோயில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை கி.மீ. ஓடுவீங்க? அதில் ஒன்றரை மடங்கு ரேஞ்ச் கிடைத்தால் போதும். 30 கி.மீ. ஓடுகிற வீட்டுக்கு நிஜமாகவே 45 தருகிற வண்டி தாராளம், 100 கி.மீ. வண்டிக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

2. விளம்பரத்தில் வரும் ரேஞ்ச், ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண். 2022-ல் வந்த ஏத்தர் 450எக்ஸ் மூன்றாம் தலைமுறை வண்டிக்குச் சான்றிதழில் இருந்தது 146 கி.மீ.; ரோட்டில் 105 கி.மீ. என்று அந்தக் கம்பெனியே சொன்னது. ஆகவே யார் எந்த எண்ணைச் சொன்னாலும் கால்பங்குக்கு மேல் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்க. அது புது வண்டிக்கான கழிவுதான், பழசுக்கு இன்னும் கழிக்கணும்.

3. பேட்டரி அளவை கிலோவாட் ஹவர் என்று போட்டிருப்பார்கள். வேறொன்றுமில்லை, நம்ம ஈ.பி. பில்லில் வருகிற அதே யூனிட்தான். 3 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால் மூன்று யூனிட் கரண்ட் பிடிக்கும், அவ்வளவுதான்.

4. பெயர் ஒன்றாக இருந்தாலும் பேட்டரி வேறாக இருக்கும். டி.வி.எஸ். ஐக்யூப் 2020-ல் 2.25 யூனிட் பேட்டரியோடு வந்தது. 2022-ல் அதே பெயரில் 3.04 யூனிட் ஆனது. ஏத்தர் 450எக்ஸிலும் 2.9, 3.7 என்று இரண்டு உண்டு. மாடல் பெயரை மட்டும் கேட்டு விலை பேசாதீங்க. எந்த வருஷம், எத்தனை யூனிட் என்று பில்லில் பார்த்துப் பேசுங்க.

5. டிஸ்ப்ளேயில் 100 சதவீதம் காட்டுகிறதே என்று மயங்கிவிடாதீங்க. அடியில் சேறு கட்டின தண்ணீர் டேங்க்கும் நிரம்பினால் விளிம்பு வரைதான் நிற்கும், உள்ளே கொள்ளுகிற தண்ணீர்தான் குறைந்திருக்கும். பழைய பேட்டரியின் 100-ம் அப்படித்தான்.

6. சதவீதத்துக்குப் பக்கத்தில் "இன்னும் 92 கி.மீ. போகலாம்" என்று வண்டி காட்டுகிற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பல வண்டிகள் கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகின்றன. விற்பதற்கு முந்தின இரண்டு நாள் எக்கோ மோடில் மெதுவாக உருட்டினால் போதும், எண் தானாக ஏறிவிடும்.

7. வண்டி பார்க்கப் போவதற்கு முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்க: "அண்ணே, ஃபுல் சார்ஜ் போட வேண்டாம், 80 இருந்தா போதும், வந்து பார்த்துக்கிறோம்." முழு சார்ஜில் எந்தப் பேட்டரியும் தெம்பாகத்தான் ஓடும். குறை இருந்தால் அது வெளியே வருவது பாதிக்குக் கீழேதான்.

8. இதுதான் முக்கியமான சோதனை. பிளக்கில் மாட்டுகிற சின்ன யூனிட் மீட்டர் ஒன்று ஆன்லைனிலும் எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிறது, 16 ஆம்பியர் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்க. சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் அதை மாட்டி, வண்டியை 20 சதவீதத்திலிருந்து 100 வரை சார்ஜ் போட்டு, எத்தனை யூனிட் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்க. விற்பவர் ஒத்துக்கொண்டால் மீட்டரை அவர் வீட்டில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வரலாம். நல்ல வண்டி வைத்திருப்பவர் இதற்குத் தயங்க மாட்டார்.

9. இப்போது கணக்கு. 3 யூனிட் பேட்டரியில் 20-லிருந்து 100 என்பது 80 சதவீதம், அதாவது 2.4 யூனிட். சார்ஜரில் சூடாக வீணாவது பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்கும் என்பதால், மீட்டரில் 2.7 முதல் 2.8 வரை காட்டினால் பேட்டரி புதுசு போல இருக்கிறது என்று அர்த்தம். 2.1 தான் காட்டுகிறதா? பேட்டரியில் முக்கால்வாசிதான் மிச்சம்.

10. சில கம்பெனிகள் பேட்டரியின் மொத்த அளவைப் போடும், ஆனால் அதில் கொஞ்சத்தைப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். அதனால் புது வண்டியிலேயே கணக்கைவிடச் சற்றுக் குறைவாக ஏறலாம். சொந்தத்தில், நட்பில் யாரிடமாவது அதே மாடல் புதுசாக இருந்தால் அதில் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்க, அந்த எண்தான் சரியான அளவுகோல்.

11. மீட்டர் இல்லையா? கடிகாரம் போதும். சார்ஜரின் ஸ்டிக்கரில் அவுட்புட் வாட் எழுதியிருக்கும், இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக்கொள்ளுங்க. 650 வாட் சார்ஜர், 3 யூனிட் பேட்டரியை 20-லிருந்து 80-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கணும். இரண்டு மணி ஐந்து நிமிஷத்திலேயே 80-ஐத் தொட்டுவிட்டால் சந்தோஷப்படாதீங்க. சீக்கிரம் நிரம்புகிறது என்றால் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று பொருள்.

12. ஓட்டிப் பார்க்கும்போது தெருமுனை வரை போய்த் திரும்பினால் ஒன்றும் தெரியாது. குறைந்தது 20 கி.மீ. ஓட்டணும். போன வழியிலேயே திரும்பி வாங்க, அப்போதுதான் காற்று, மேடு, பள்ளம் எல்லாம் சரிக்குச் சரியாகிவிடும்.

13. கிளம்பும்போது சதவீதம், ஓடோமீட்டர் இரண்டையும் ஒரே போட்டோவில் எடுத்துக்கொள்ளுங்க, திரும்பியதும் இன்னொரு போட்டோ. 80-ல் கிளம்பி 21 கி.மீ. ஓட்டி 52-ல் வந்து நின்றால், 28 சதவீதத்துக்கு 21 கி.மீ., நூற்றுக்கு 75. அந்த 75-லும் கடைசி இருபது சதவீதத்தைத் தொடாமல் விடுவதுதான் நல்ல பழக்கம் என்பதால், உங்க கைக்கு வரும் ரேஞ்ச் 60 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்க. தேவையை எழுதிய தாளிலேயே இந்த எண்ணையும் எழுதி, முதல் குறிப்போடு ஒத்துப் பாருங்க.

14. தனியாகப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, வாங்கிய பிறகு மனைவி, பிள்ளை, அரிசிப் பை என்று ஏற்றினால் கணக்கு உதைக்கும். தினமும் யார் யார் ஏறுவார்களோ அவர்களோடு போய் ஓட்டிப் பாருங்க.

15. வேகம்தான் ரேஞ்சைத் தின்கிற முதல் ஆள். 40-ல் போகிற வண்டியை 60-க்கு விரட்டினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ள மட்டும் இரண்டேகால் மடங்கு கரண்ட் வேண்டும். ஜி.எஸ்.டி. ரோடு, அவினாசி ரோடு என்று காலியாகக் கிடக்கும் நேரத்தில் பறக்கிறவர்களும், சந்து பொந்தில் 30-ல் போகிறவர்களும் ஒரே வண்டியில் வேறு வேறு ரேஞ்ச் சொல்வது இதனால்தான். நீங்க எப்படி ஓட்டுவீங்களோ அதே வேகத்தில், அதே மோடில் சோதிங்க.

16. உங்க ஊர் மேம்பாலம் ஒன்றைக் கட்டாயம் வழியில் வைத்துக்கொள்ளுங்க. சார்ஜ் 40-க்குக் கீழே இருக்கும்போது, பின்னால் ஒரு ஆளோடு ஏறி, முழுசாக முறுக்கி, கண்ணை டிஸ்ப்ளேயில் வையுங்க (ஓட்டுபவர் அல்ல, பின்னால் இருப்பவர் பார்க்கணும்). எண் 38, 37 என்று ஒவ்வொன்றாக இறங்கினால் நல்லது. ஏற்றத்தில் 38-லிருந்து 29-க்குக் குதித்து, உச்சியில் மறுபடி 34-க்கு ஏறி உட்கார்ந்தால் உள்ளே சில செல்கள் சோர்ந்துவிட்டன. எத்தனை ரூபாய் குறைத்தாலும் அந்த வண்டியை நான் தொட மாட்டேன். மொத்தமாகக் கொஞ்சம் தேய்ந்த பேட்டரியோடு குடும்பம் நடத்தலாம். சில செல் மட்டும் பழுதான பேட்டரி எப்போது நடுரோட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

17. நேரம் இருந்தால் 15 சதவீதம் வரை இறக்கிப் பாருங்க. அந்த இடத்தில் பல வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது இயல்பு. 30-லேயே மூச்சு வாங்கினால் அது இயல்பில்லை.

18. சாயந்திரம் வண்டியை நிறுத்தும்போது என்ன சதவீதம், காலையில் என்ன சதவீதம் என்று விற்பவரிடம் இரண்டு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. ஒன்றிரண்டு குறைந்தால் தப்பில்லை. சும்மா நின்ற வண்டியில் ராத்திரியோடு ராத்திரியாக ஐந்தாறு குறைகிறது என்றால், எங்கேயோ ஒழுகுகிறது.

19. சார்ஜ் போட்டு முடிகிற நேரத்தில் பேட்டரி இருக்கும் பகுதியைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு, இனிப்பாகவோ காரமாகவோ ஒரு கெமிக்கல் வாடை, பெட்டி உப்பல் இதில் எது இருந்தாலும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்க.

20. ஓடோமீட்டரை அந்த வண்டியின் நிஜ ரேஞ்சால் வகுத்தால், பேட்டரி ஏறக்குறைய எத்தனை முழு சார்ஜ் பார்த்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 24,000 கி.மீ. ஓடி, ரேஞ்ச் 80 என்றால் 300 தடவை. நம்ம ஊர் ஸ்கூட்டர்களில் அதிகம் இருக்கும் என்.எம்.சி. வகை லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாக 800-லிருந்து 1,000 முழு சார்ஜ் வரை தெம்பு உண்டு, ஆக 300 ஒன்றும் பெரிய விஷயமில்லை.

21. அதற்காக "மூணு வருஷத்துல ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். பேட்டரி ஓடித் தேய்வது ஒரு பக்கம், சும்மா இருந்தே வயதாவது இன்னொரு பக்கம். ஃபுல் சார்ஜிலோ, அடியோடு காலியாகவோ மாசக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியைவிட, தினமும் ஓடின வண்டி பல நேரம் நன்றாக இருக்கும்.

22. எங்கே நிறுத்தினார்கள் என்று கேளுங்க. லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை வெயிலில் நிற்கிற வண்டியும், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் நிழலில் நிற்கிற வண்டியும் ஒரே வயசு என்றாலும் ஒரே பேட்டரி அல்ல. மேல் பிளாஸ்டிக் நிறம் வெளுத்து, சீட் உறை வெடித்திருந்தால் பதில் கேட்காமலே தெரிந்துவிடும்.

23. சாப்பாடு டெலிவரிக்கு ஓடின வண்டியா என்று பாருங்க. பின்னால் பெட்டி மாட்டிய துளை, மொபைல் ஹோல்டர் தடம், வருஷத்துக்கு 25,000 கி.மீ. தாண்டின ஓடோமீட்டர் எல்லாம் அடையாளங்கள். அப்படிப்பட்ட வண்டி கெட்டது என்று சொல்ல மாட்டேன், அவர்கள் பிழைப்பு அதில் ஓடியிருக்கிறது; ஆனால் விலை அதற்கேற்ப இருக்கணும்.

24. வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னொரு கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. ஐ.பி. 67 என்று பேட்டரிக்குப் போட்டிருப்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரத்துக்கான சோதனை, இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அல்ல. சீட்டைத் தூக்கி டிக்கிக்குள் இருக்கும் ரப்பர் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்க. கழுவினாலும் போகாத மெல்லிய வண்டல் மண் அந்த மடிப்பில்தான் ஒளிந்திருக்கும். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்க.

25. சார்ஜ் போடும் வாயின் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச் அடித்து உள்ளே இருக்கும் பின்களைப் பாருங்க. பளபளப்பாக இருந்தால் சரி. பச்சை பூத்திருந்தாலோ, ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகினாற்போல் இருந்தாலோ அங்கே தொடர்ந்து சூடு ஏறியிருக்கிறது.

26. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு விற்பவரோடு ஒரு நடை போய் வந்துவிடுங்க. கம்ப்யூட்டரில் மாட்டினால் பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம், பழைய எர்ரர் என்னென்ன வந்தது என்று பார்த்துவிடுவார்கள். சின்னதாக ஒரு கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டைத் தாளில் வாங்குங்க. "நல்லாதான் சார் இருக்கு" என்ற வாய்வார்த்தை விலை பேசும்போது உதவாது.

27. வாரன்டியில் எத்தனை நாள், எத்தனை கி.மீ. மிச்சம் என்று பாருங்க, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஏத்தரின் எய்ட்70 திட்டத்தில் 8 வருஷம் அல்லது 80,000 கி.மீ. வரை பேட்டரி ஹெல்த் 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் உண்டு, ஆனால் முதல் ஓனர் அந்தத் திட்டத்தை வாங்கியிருக்கணும். இரண்டாவது ஓனருக்கும் வாரன்டி வருமா, அதற்கு என்ன செய்யணும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்க.

28. "பேட்டரியை ஒரு தடவை கம்பெனியே மாத்திக் கொடுத்துட்டாங்க" என்று சொன்னால் பின்வாங்காதீங்க, அது உங்களுக்கு லாபம். பழைய வண்டி, புது பேட்டரி! மாற்றிய தேதியும் புது சீரியல் நம்பரும் உள்ள ஜாப் கார்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

29. வெளியில் செல் மாற்றிக் கட்டின பேட்டரி என்றால் யோசிங்க. பெட்டியின் சீல் உடைந்திருந்தாலோ, ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தாலோ, பெட்டி மேல் இருக்கும் சீரியல் நம்பர் பில்லோடு ஒத்துப்போகாவிட்டாலோ கம்பெனி வாரன்டி அதோடு சரி. உள்ளே என்ன செல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

30. தயாரித்த மாதத்தைத் தேடிப் பாருங்க. பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக இறுக்கப்பட்டன. இரண்டு வண்டியில் எதை எடுப்பது என்று குழப்பம் வந்தால், 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிக்கு என் ஓட்டு.

31. சில மாடல்களில் எல்.எஃப்.பி. வகை லித்தியம் பேட்டரி இருக்கும். இது சூட்டை நன்றாகத் தாங்கும், ஆயுளும் கூட. ஆனால் நடுவில் இருக்கும்போது இதன் சதவீதக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்காது. அதனால் இந்த வண்டிக்கு மட்டும் 100 வரை நிரப்பிவிட்டு, நீளமாக ஓட்டிச் சோதிங்க.

32. பதிவெண் தேவையில்லாத, 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாத சின்ன வண்டிகளில் பல இன்னும் லெட் ஆசிட் பேட்டரியில் ஓடுகின்றன. நாலோ ஐந்தோ 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்து 48 அல்லது 60 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இதில் ஒன்று சோர்ந்தாலும் மொத்தமும் அதன் பின்னால் படுத்துவிடும். இந்தப் பேட்டரிகளின் ஆயுள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வருஷம்தான், அதைத் தாண்டியிருந்தால் புது செட்டின் விலையை முழுசாகக் கழித்துவிட்டே பேசுங்க.

33. அந்த வகை வண்டியைப் பார்க்க எலெக்ட்ரீஷியனிடம் ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்கிப் போங்க. முழு சார்ஜில் சில மணி நேரம் ஓய்வாக நின்ற பேட்டரி ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டணும். ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றவிட்டால் போதாது. ஆளை ஏற்றி ஓட்டி வந்த கையோடு மறுபடி வையுங்க. மற்றதெல்லாம் ஒரே மாதிரி நிற்க, ஒன்று மட்டும் ஒரு வோல்ட் கீழே போனால் அதுதான் வில்லன்.

34. லித்தியம் பெட்டியில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அதைத் திறப்பது, உள்ளே மீட்டர் வைப்பது எல்லாம் பயிற்சி உள்ளவர் வேலை.

35. ரேஞ்ச் குறைவு என்றதும் பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன், டயரில் காற்று பாருங்க. அடுத்து நடு ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லி, தரையைத் தொடாத முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்க. சர்ரென்று ஒரு சுற்றில் நின்றுவிட்டால் பிரேக் பிடித்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. விற்பவர் "பேட்டரி வீக்" என்று நினைத்து விலையைக் குறைத்துச் சொல்லும் வண்டியில் சிலது இந்த ரகம். நூறு, இருநூறு ரூபாய் வேலையில் பத்து கி.மீ. திரும்பக் கிடைக்கும்!

36. "ஸ்டார்ட்டே ஆகலை, பேட்டரி போச்சு" என்று மலிவாக வருகிற வண்டியையும் உடனே ஒதுக்காதீங்க. சில மாடல்களில் டிஸ்ப்ளேக்கும் லைட்டுக்கும் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது செத்தாலும் வண்டி எழுந்திருக்காது. சர்வீஸ் சென்டரில் அதை உறுதி செய்துகொண்டால் நல்ல பேரம் அமையும்.

37. ஒரிஜினல் சார்ஜர் கூட வருகிறதா என்று முதல் போனிலேயே கேளுங்க. தனியாக வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் கை கடிக்கும், வோல்ட் ஒத்துப்போகாத லோக்கல் சார்ஜரோ பேட்டரியையே காலி பண்ணிவிடும்.

38. உங்க ஊரில், அல்லது பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு நல்ல பேட்டரியும் வேண்டாம். மூடிவிட்ட கம்பெனி வண்டிக்கு ஸ்பேரும் வராது, ஆப்பும் ஓடாது.

39. வண்டியை வாங்கிய அன்றே பழைய ஓனரின் மொபைல் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லி, உங்க நம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்க. இல்லாவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். பெண் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டி என்றால் இதை நாளைக்கு என்று தள்ளவே கூடாது. நீக்குவதற்கு முன்னால் ஆப்பில் இருக்கும் பழைய டிரிப்புகளைக் காட்டச் சொல்லுங்க, கிலோமீட்டருக்கு எவ்வளவு கரண்ட் எடுத்தது என்ற கதை முழுக்க அதில் இருக்கும்.

40. பேப்பர் வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஃபார்ம் 29, 30, லோன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம். பதிவில்லாத சின்ன வண்டிக்கு ஆர்.சி. கிடையாது என்பதால், சேஸிஸ் நம்பர் போட்ட ஒரிஜினல் பில் இல்லாமல் கைமாற்றிக்கொள்ளாதீங்க.

41. விலை பேச ஒரு எளிய கணக்கு. சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி விலையை எழுதி வாங்குங்க. பேட்டரியின் நல்ல காலம் 100-லிருந்து 70 சதவீதம் வரை என்று வைத்துக்கொண்டால், ஹெல்த் 85 காட்டுகிற பேட்டரியில் பாதி தீர்ந்துவிட்டது. ஒரு பேச்சுக்கு புது பேட்டரி 50,000 ரூபாய் என்றால், 25,000 ரூபாய் பேட்டரி கணக்கிலேயே கழியணும். இந்தத் தாளை எடுத்துக் காட்டிப் பேசினால் ப்ரோக்கர்கூட இறங்கி வருவார்.

42. அதே மாடல் இன்றைக்குப் புதுசாக என்ன விலை என்று ஷோரூமில் கேட்டுவிட்டுப் போங்க. விற்பவர் காட்டுவது அவர் வாங்கிய வருஷத்து பில்; அதற்குப் பிறகு மானியமும் மாறியிருக்கிறது, விலையும் மாறியிருக்கிறது.

43. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கன்சல்டிங் கடையில் வாங்கினால், அவர்கள் வைக்கிற லாபத்தின் மேல் 18 சதவீத வரி உண்டு. வீட்டுக்காரரிடமிருந்து நேராக வாங்கினால் அந்த வரி இல்லை. தெருவில், ஆபீஸில், ஸ்கூல் வாசலில் சொல்லி வைத்தாலே பாதி வேலை முடியும்.

44. தேய்ந்த பேட்டரி எல்லாருக்கும் வேண்டாத பேட்டரி அல்ல. பேரனை ஸ்கூலில் விட்டு, வரும் வழியில் காய்கறி வாங்குகிற, தினம் பத்துப் பன்னிரண்டு கி.மீ. ஓடுகிற வீட்டுக்கு 70 சதவீத பேட்டரி இன்னும் நாலைந்து வருஷம் உழைக்கலாம், மேம்பால சோதனையில் தேறியிருக்கணும், அவ்வளவுதான். 40 கி.மீ. ஓடுகிறவர் வேண்டாம் என்று விட்ட வண்டி உங்களுக்குப் பாதி விலைப் பொக்கிஷம்.

45. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு: குளிரிலும் ஏற்றத்திலும் ரேஞ்ச் நன்றாகவே குறையும், சமவெளிக் கணக்கைக் கொண்டுவராதீங்க. மேலே வீடு இருந்தால் காலையில் 100-க்கு நிரப்பாமல் 85-ல் நிறுத்துங்க. இறக்கத்தில் வண்டி தானாகக் கரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள பேட்டரியில் இடம் வேண்டும், நிரம்பியிருந்தால் அந்த இழுப்பு பிரேக்கும் குறைந்துவிடும்.

46. வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போடும் இடத்தைச் சரி செய்யுங்க: நல்ல எர்த் உள்ள 15 ஆம்பியர் பவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். படுக்கை அறைப் பக்கமோ, வெளியே போகும் வாசலை அடைத்தாற்போலோ வண்டியை வைத்து சார்ஜ் போடாதீங்க. எல்லாரும் விழித்திருக்கும் நேரத்தில் போடுவது இன்னும் நல்லது.

47. வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே பிளக்கில் மாட்ட வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். என்.எம்.சி. பேட்டரி என்றால் தினமும் 80, 90 வரை போதும், தூரமாகப் போகிற அன்றைக்கு மட்டும் 100. எல்.எஃப்.பி. பேட்டரிக்கு அவ்வப்போது 100 வரை நிரப்பினால்தான் சதவீதக் கணக்கு சரியாக இருக்கும்.

48. ஈ.பி. பில்லையும் ஒரு கண் பாருங்க. இரண்டு மாசத்தில் 500 யூனிட் விளிம்பில் நிற்கிற வீடு என்றால், வண்டிக்கு ஏறும் யூனிட் உங்களை மேல் ஸ்லாபுக்குத் தள்ளிவிடும். தினம் 30 கி.மீ. ஓடினால் இரண்டு மாசத்துக்கு ஏறக்குறைய 60, 70 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொண்டு, கீஸரிலோ ஏ.சி.யிலோ அதைக் குறைக்க முடியுமா என்று பாருங்க.

49. லீவில் ஊருக்குப் போகும்போது வண்டியை 50, 60 சதவீதத்தில் நிழலில் நிறுத்திவிட்டு, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் போங்க. ஒரு மாசத்துக்கு மேல் ஆகும் என்றால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, 30-க்குக் கீழே இறங்கினால் கொஞ்சம் ஏற்றச் சொல்லிவிட்டுப் போங்க.